நாயம் என்றால் பேச்சா, நீதியா?

தஞ்சாவூர்க்கார நண்பர் ஒருவரை எங்கள் ஊருக்குக் கூட்டிப் போயிருந்தேன். பொழுது சாயும் நேரம். வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அவரைப் பார்த்து, "வாங்க தம்பி, உக்காருங்க, செத்த நேரம் நாயம் பேசலாம்" என்றார். நண்பர் என் காதருகே குனிந்து, "நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மற்ற ஊர்களில் நியாயம் பேச உட்கார்ந்தால் எதிரில் ஒரு குற்றவாளி நின்றாக வேண்டும். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ‘நாயம்’ என்றால் முதலில் பேச்சுதான். "என்ன நாயம்?" என்றால் என்ன சேதி என்று பொருள். "ஊர் நாயம் நமக்கெதுக்கு" என்றால் வம்பு வேண்டாம். போனை வைக்காமல் பேசிக்கொண்டிருக்கும் பேத்தியைப் பார்த்து ஆத்தா, "அப்படி என்னதான் நாயமோ" என்று முணுமுணுப்பார். அதே ஆத்தா, பாகம் பிரிக்கும்போது ஒரு பையனுக்குக் குறைத்து வைத்தால், "இது நாயமா சாமி?" என்று நடுவீட்டில் நின்று கேட்பார். சொல் ஒன்றுதான். எந்தப் பொருளில் வருகிறது என்பதைக் குரலே காட்டிவிடும்.

சொல்லின் உருவத்தில் பெரிய மர்மம் இல்லை. நியாயம் என்பது வாயில் உருண்டு ஞாயம் ஆகி, பிறகு நாயம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பேச்சில் நாயித்துக்கிழமை ஆவதைப் போலத்தான். ஞண்டு நண்டானதும் ஞாண் நாணானதும் பழைய கதை. தமிழ் நாக்குக்கு ‘ஞ’ அவ்வளவாக ஒட்டுவதில்லை.

வேர் வடமொழி. ‘நி’ என்ற முன்னொட்டும், செல்லுதலைக் குறிக்கும் ‘இ’ என்ற வினையடியும் சேர்ந்தது நியாயம். ஒரு பொருள் எங்கே போய்ப் பொருந்துகிறதோ அந்த மூல அளவு, விதி, முறைமை என்பது அதன் அடிப்படைப் பொருள். அப்புறம் தருக்க நூலுக்கே அது பெயராயிற்று. கௌதமர் என்ற அட்சபாதர் செய்த நியாய சூத்திரம் அந்த மரபின் முதல் நூல். தமிழில் மணிமேகலைக் காப்பியம் இந்தத் தருக்க மரபை ‘நையாயிகம்’ என்றும் அதன் ஆசிரியரை ‘அக்கபாதன்’ என்றும் 27ஆம் காதையில் சொல்கிறது. மணிமேகலை இதையெல்லாம் கேட்டது வஞ்சி நகரில். அந்த வஞ்சி கரூர்தான் என்று நாங்கள் அடித்துப் பேசுவோம், கேரளத்துக்காரர்கள் கொடுங்கல்லூர் என்பார்கள். அது தனி நாயம்.

நீதி என்ற உயர்ந்த பொருள் கொங்கு நாட்டில் தேய்ந்து வெறும் அரட்டை ஆகிவிட்டது என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நியாய நூலே பேச்சைப் பற்றிய நூல்தான். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் அது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அது வகுத்தது. உண்மையைக் கண்டுபிடிக்கப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் எதிராளி சொல்வதை உடைக்க மட்டும் பேசுவது விதண்டை. நாம் தினமும் திட்டுகிற விதண்டாவாதம் அங்கிருந்து வந்ததுதான். எந்த ஊர் டீக்கடை பெஞ்சிலும் காலை ஏழு மணிக்குள் மூன்றையும் கேட்டுவிடலாம். பேசாமல் நியாயத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. கொங்குச் சொல் போகிற வழிக்கும் சேருகிற இடத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டது.

ஆனால் எல்லாருடைய பேச்சும் நாயமாக எடுத்துக்கொள்ளப்பட்டதா என்றால், இல்லை. பழைய ஊர்க்கூட்டத்தில் திண்ணை மேல் உட்கார்ந்தவர் சொன்னது தீர்ப்பு. எட்டத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவர் சொன்னதும், கதவுக்குப் பின்னால் நின்ற பெண் சொன்னதும் வெறும் பேச்சு. இந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் பிரித்த கோடு அந்தத் திண்ணையின் விளிம்பு.

சரி, நல்ல தமிழில் இதற்கு என்ன சொல்வது? நீதி என்று மாற்றி எழுதிவிட்டுத் தமிழாக்கிவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. நீதியும் வடசொல்தான், ‘நீ’ என்ற, நடத்திச் செல்லுதலைக் குறிக்கும் அடியில் பிறந்தது. குறளில் தேடினால் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. அதில்,

"சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா
உட்கோட்டம் இன்மை பெறின்"

என்று 119ஆம் குறள் வருகிறது. செப்பம் என்றால் நடுவுநிலை. அதை உள்ளம் கோணாமல் சொல்லும் கோணாமல் இருப்பது என்கிறார் வள்ளுவர். இங்கேயும் நீதிக்கு அளவுகோல் பேச்சுதான். இன்னொரு சொல் நயன். "நயனிலன் என்பது சொல்லும் பயனில பாரித் துரைக்கும் உரை" என்ற 193ஆம் குறளில் நயன் என்பதற்குப் பரிமேலழகர் நீதி என்றே உரை எழுதுகிறார். பயனில்லாததை வளவளவென்று பேசுவதே அவன் நீதியில்லாதவன் என்று காட்டிக்கொடுத்துவிடுமாம். நாயம் பேசியே பொழுதைக் கழிக்கும் எங்களுக்கு இது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. நயன்மை என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் வாயில் இன்னும் பழகவில்லை.

என்னைக் கேட்டால் முறை. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்ற குறளில் இருப்பதும் அதுதான், வக்கீல் எழுதும் மேல்முறையீட்டில் இருப்பதும் அதுதான். முறைகேடு என்று சொன்னால் யாருக்கும் அகராதி வேண்டாம். எங்கள் பக்கம் அது தண்ணீரிலும் ஓடுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கரையும் ஒரே சமயத்தில் நனைக்க முடியாது. மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பாதிப் பாதியாகப் பிரித்து மாற்றி மாற்றித் தண்ணீர் விடுகிறார்கள். அதற்குப் பெயர் முறை. கூட்டுக் கிணறு என்றால் பங்காளிகளுக்குள் நாள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் முறை உண்டு. நியாய விலைக் கடையை மட்டும் முறைவிலைக் கடை ஆக்க முடியாது. ஆனால் அதை எல்லாரும் ரேஷன் கடை என்றுதானே சொல்கிறோம்!

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றில் நான்கு பங்கு. ஒரு ராத்திரி பக்கத்துப் பங்காளி தன் நேரம் முடிந்தும் மோட்டாரை நிறுத்தாமல் அரை மணி கூடுதலாக ஓட்டிவிட்டார். மறுநாள் அப்புச்சி கிணற்று மேட்டில் நின்று, "மொறை தப்பிப் போச்சு, நாயம் பேசித்தான் ஆவோணும்" என்றார். நால்வரும் தொட்டித் திட்டில் உட்கார்ந்தார்கள். ரெண்டு மணி நேரம் ஓடியது. சின்ன வெங்காயம் விலை, சினை மாடு, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் சோறு பற்றாமல் போனது என்று எல்லாம் வந்தது. தண்ணீரைப் பற்றிப் பேசியது கடைசி ஐந்து நிமிடம்தான். பங்காளி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே, "நாளைக்கு என்ற மொறையில அரை மணி நீங்க ஓட்டிக்குங்க அண்ணா" என்றார்.