நீங்கள் ஓட்டுப் போட்டது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால்?

பல ஆயிரம் பேர் வாக்களிக்கும் தேர்தலில் ஒருவரின் ஓட்டு முடிவையே மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதற்காக வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது கட்டுபடியாகாத காரியம் என்று 1957இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோனி டவுன்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனாலும் கோடிக்கணக்கானோர் போய் நிற்கிறார்கள். காரணம் கேட்டால் ‘கடமை’ என்பார்கள். அந்தப் பதிலை அப்படியே நம்பிவிட முடியாது. ஓட்டே போடாதவர்களில் பலரும் கருத்துக்கணிப்பில் போட்டதாகத்தான் சொல்கிறார்கள்.

அரசியல் ஆய்வாளர்கள் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் மூவரும் கேள்வி கேட்பதை விட்டுவிட்டுச் சோதனையில் இறங்கினார்கள். இடம் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலம். 2006 ஆகஸ்டில் அங்கே கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல் வந்தது. சுமார் 1,80,000 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பெரும்பகுதிக்கு எதுவும் அனுப்பவில்லை. மற்றவர்களுக்கு நான்கு விதமான கடிதங்களில் ஏதாவது ஒன்று போனது. யாருக்கு எந்தக் கடிதம் என்பதைக் குலுக்கலே தீர்மானித்ததால், பிறகு தெரியும் வித்தியாசத்துக்குக் கடிதம்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

நான்காவது கடிதம்தான் வில்லங்கமானது. ‘நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால்?’ என்று ஆரம்பிக்கும். கீழே ஒரு பட்டியல்: வீட்டில் இருப்பவர்கள், அண்டை வீட்டுக்காரர்கள் பெயர்கள், 2004இன் இரண்டு தேர்தல்களில் யார் யார் வாக்களித்தார்கள் என்ற விவரம். பட்டியலின் கடைசி நெடுவரிசை மட்டும் காலி. தேர்தல் முடிந்ததும் அதை நிரப்பி எல்லோருக்கும் அனுப்புவோம் என்று ஒரு குறிப்பு. அமெரிக்காவில் யாருக்குப் போட்டீர்கள் என்பதுதான் ரகசியம். போட்டீர்களா என்பது பொதுப் பதிவு. விரலில் மையோடு திரியும் நமக்கு இது அவ்வளவு விசித்திரமாகப் படாது.

கடிதமே வராதவர்களில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கடமையை மட்டும் நினைவூட்டிய கடிதத்துக்கு 31.5. உங்கள் வீட்டார் பதிவை மட்டும் காட்டியதற்கு 34.5. அக்கம்பக்கப் பட்டியலுக்கு 37.8. ஒரே ஒரு தபாலுக்கு 8 புள்ளி ஏற்றம்! கெர்பரும் கிரீனும் 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் சோதித்தபோது, சாதாரணத் தபால் ஒன்றுக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. தொலைபேசி அழைப்பால் பலனே இல்லை.

சுவிட்சர்லாந்தில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே ஒவ்வொரு மாநிலமாகத் தபால் ஓட்டு வந்தது. வீட்டிலிருந்தே போடலாம், சிரமம் குறைவு. ஆனால் சின்ன ஊர்களில் வாக்குப்பதிவு குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர் பாட்ரிசியா ஃபுங்க் கண்டறிந்தார். வாக்குச்சாவடிக்குப் போவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற தேவை போய்விட்டது என்பது அவர் விளக்கம்.

பட்டியல் கடிதத்தை அரசியல்வாதிகளும் விட்டுவைக்கவில்லை. 2016இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட டெட் குரூஸ் தரப்பு, வாக்காளருக்கும் அண்டை வீட்டாருக்கும் மதிப்பெண் போட்டு, ‘வாக்களிப்பு விதிமீறல்’ என்று தலைப்பிட்டுத் தபால் அனுப்பியது. தேர்தலைக் கவனிக்கும் மாநிலச் செயலர் பகிரங்கமாகக் கண்டித்தார். குரூஸ் அங்கே ஜெயித்தார். தபாலாலா? அது போகாத வீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சொல்ல வழியில்லை.