இல்லினாயில் கஞ்சாக் கடை லைசென்ஸ்: ‘சமூக சமத்துவ’ ஒதுக்கீடு யாருக்கு, எப்படி?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 21 வயது நிரம்பிய எவரும் கடைக்குப் போய், அடையாள அட்டையைக் காட்டி, ரசீதோடு கஞ்சா வாங்கலாம். 2020 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மாநிலத்தில் வசிப்பவர் 30 கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். வெளி மாநிலத்தவருக்கு அதில் பாதி. முதல் நாள் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் டாலருக்கு விற்பனை ஆனது.

அதே பொருளைச் சட்டைப் பையில் வைத்திருந்ததற்காக அதே மாநிலத்தில் லட்சக்கணக்கானோர் கைதாகியிருக்கிறார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கஞ்சாவைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இல்லினாயில் கறுப்பர் ஒருவர் அதற்காகக் கைதாகும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் அதிகம் என்று ஏசிஎல்யு என்னும் குடிமை உரிமை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. ஒரு கைதுப் பதிவு இருந்தால் வேலைக்கு எடுக்க யோசிப்பார்கள், வாடகைக்கு வீடு தர யோசிப்பார்கள். இப்போது விற்பனை சட்டபூர்வம் ஆனதும், கோட்டு போட்ட முதலீட்டாளர்கள் அதே பொருளில் கோடிகளைச் சம்பாதிக்கலாம் என்றால் அது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் ‘சோஷியல் ஈக்விட்டி’ எனப்படும் சமூக சமத்துவத் திட்டம். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம் 2017இலேயே இப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தது. இல்லினாய் அதை மாநிலச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தது. 2019 ஜூன் 25 அன்று ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் மூன்று விதத்தில் ஈடுசெய்ய முயல்கிறது: லைசென்ஸில் முன்னுரிமை, பழைய வழக்குகளை அழித்தல், வரிப் பணத்தில் பங்கு. நாளேடுகளில் அடிபட்டதெல்லாம் முதலாவது. மக்களுக்குப் பரவலாகப் போய்ச் சேர்ந்தது மற்ற இரண்டும்தான் என்பது என் கணிப்பு.

தகுதி யாருக்கு?

சட்டத்தின் தகுதி வரையறையில் இனம் பற்றிய பேச்சே இல்லை. வசித்த இடத்தையும் கைது வரலாற்றையும் மட்டுமே பார்க்கிறது. நிறுவனத்தின் 51 சதவீத உரிமையும் கட்டுப்பாடும் தகுதியுள்ளவர் கையில் இருக்க வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளாவது ‘மிகுதியாகப் பாதிக்கப்பட்ட பகுதி’யில் குடியிருந்தவர் தகுதி பெறுகிறார். அழிக்கத்தக்க கஞ்சா வழக்கில் கைதானவரும் தண்டிக்கப்பட்டவரும் தகுதி பெறுகிறார்கள். அப்படிப்பட்டவரின் பெற்றோர், பிள்ளை, கணவன் அல்லது மனைவிக்கும் தகுதி உண்டு.

பாதிக்கப்பட்ட பகுதி எது என்பதை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு வட்டாரங்களை அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். வறுமை விகிதம் 20 சதவீதத்தைத் தொட வேண்டும். அல்லது பள்ளிப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இலவச மதிய உணவுத் திட்டத்தில் இருக்க வேண்டும். உணவு உதவி பெறும் குடும்பங்களின் விகிதம், வேலையின்மை என்று வேறு அளவுகோல்களும் உண்டு. இவற்றோடு கஞ்சாக் கைதுகளும் அங்கே அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. முழுநேர ஊழியர் பத்துப் பேராவது இருக்கும் நிறுவனத்தில் 51 சதவீத ஊழியர்கள் தகுதியுள்ளவர்களாக இருந்தால், உரிமையாளர் யாராக இருந்தாலும் அது ‘சமூக சமத்துவ விண்ணப்பதாரர்’. நம் ஊரில் பினாமி என்ற ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. சலுகை ஊழியரின் பெயரில், லாபம் முதலாளியின் பையில்.

75 கடை, 21 பேர்

முதல் சுற்றில் 75 கடைகளுக்கு லைசென்ஸ். மொத்தம் 250 மதிப்பெண். அதில் 50 சமூக சமத்துவத்துக்கு. வருமான வரம்புக்குள் இருந்தால் 5,000 டாலர் விண்ணப்பக் கட்டணம் 2,500 ஆகக் குறையும். எஞ்சிய 200 மதிப்பெண்? பாதுகாப்புத் திட்டம், வணிகத் திட்டம், ஊழியர் பயிற்சி, பதிவேடு பராமரிப்பு என்று கட்டுக் கட்டாக எழுதித் தர வேண்டும். ஆலோசகருக்கும் வழக்கறிஞருக்கும் பணம் கொடுக்க முடிந்தவர்கள் எழுதும் தேர்வு அது. போதாக்குறைக்கு, முன்னாள் படைவீரர்கள் பெரும்பான்மை உரிமை வைத்திருந்தால் ஐந்து மதிப்பெண். முழு மதிப்பெண் வேண்டுமானால் ஒரு படைவீரரையும் கூட்டுச் சேர்த்தாக வேண்டும்.

900-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 2020 செப்டம்பரில் முடிவு வந்தபோது முழு மதிப்பெண் பெற்றவர்கள் 21 பேர்தான். அவர்களுக்குள்ளேயே 75 லைசென்ஸுக்கும் குலுக்கல் என்றார்கள். சிகாகோவில் கொந்தளிப்பு எழுந்தது, வழக்குகள் குவிந்தன. சட்டமன்றம் 2021இல் இன்னொரு சட்டம் போட்டு மேலும் 110 லைசென்ஸைச் சேர்த்தது. அவற்றுள் 55, ஊழியர் கணக்கைக் காட்டி வந்தவர்களை ஒதுக்கிவிட்டு, குடியிருப்பாலோ கைதாலோ நேரடியாகத் தகுதி பெற்றவர்களுக்கு மட்டும். 2021 ஜூலை, ஆகஸ்டில் மூன்று குலுக்கல் நடந்தது. பிறகு நீதிமன்றத் தடை. 2022 மே மாதம்தான் அது விலகியது. 185 நிபந்தனை லைசென்ஸ்களும் 2022 கோடையில் வழங்கப்பட்டன. இந்த வழியில் வந்த முதல் கடைகள் திறந்தது அந்த ஆண்டு நவம்பரில்.

இதற்கிடையே, மருத்துவக் கஞ்சா விற்றுக்கொண்டிருந்த 55 பழைய கடைகளுக்கு முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் விற்க வழி இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டாவது கிளை திறக்கவும் அனுமதி உண்டு. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்களே சந்தையை வைத்திருந்தார்கள். நல்ல முச்சந்தி, வாடிக்கையாளர், சரக்கு ஒப்பந்தம் எல்லாம் கைமாறிய பிறகுதான் ‘முன்னுரிமை’ பெற்றவர் கடைக்கு இடம் தேடத் தொடங்குகிறார். அதுவும் வேறு கஞ்சாக் கடையிலிருந்து 1,500 அடி தள்ளி இருக்க வேண்டும். நகராட்சிக்கு விற்பனையைத் தடுக்கும் அதிகாரமும் உண்டு. நம்மவர் நிறையப் பேர் வசிக்கும் நேப்பர்வில் நகரமே முதலில் மறுத்து, 2020 மார்ச்சில் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகுதான் அனுமதித்தது.

எல்லாவற்றுக்கும் மேல் பணம். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால் பெரிய வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. மத்திய அரசு போதைப்பொருள்களை வகைப்படுத்தியிருக்கும் அட்டவணைகளில் முதல் இரண்டில் உள்ள பொருளை விற்பவர் கடை வாடகையையோ விளம்பரச் செலவையோ கழிக்காமல் வருமான வரி கட்ட வேண்டும் என்கிறது வரிச் சட்டத்தின் 280இ பிரிவு. இந்தக் கடைகள் திறந்த காலத்தில் கஞ்சா முதல் அட்டவணையில் இருந்தது. மாநிலம் அறிவித்த கடனுதவி தனியார் கடன் நிறுவனங்களிடம் சிக்கி இழுபட்டது. கடைசியில் மாநிலமே நேரடியாகத் தள்ளுபடிக்குரிய கடன் கொடுக்கத் தொடங்கியது. காத்திருந்த ஆண்டுகளில் கைப்பணம் கரைந்தவர்கள் பங்கை விற்க நேர்ந்தால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது: ஐந்து ஆண்டுகளுக்குள் தகுதியில்லாதவருக்கு லைசென்ஸ் கைமாறினால், பெற்ற கட்டணச் சலுகை, நிலுவைக் கடன், மானியம் எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். பினாமியைத் தடுக்க இது தேவைதான். ஆனால் பணமில்லாத உண்மையான ஆளையும் இதே முடிச்சுதான் இறுக்குகிறது.

சத்தமில்லாமல் நடந்தது

வழக்கு அழிப்பில் இந்த இழுபறி இல்லை. வன்முறை கலக்காத, 30 கிராமுக்குட்பட்ட வழக்கில் கைதாகி, குற்றச்சாட்டு பதியாமலோ தள்ளுபடியாகியோ இருந்தால், அவர் மனுப்போட வேண்டியதில்லை. காவல் துறையே பதிவை அழிக்க வேண்டும். மிகப் பழைய பதிவுகளுக்குச் சட்டம் கொடுத்த கெடு 2025 ஜனவரி. மாநிலக் காவல் துறை 2020 முடிவதற்குள் 4.9 லட்சத்துக்கும் மேற்பட்ட கைதுப் பதிவுகளை அழித்துவிட்டது. அரசு அலுவலகம் ஒன்று கெடுவுக்கு நான்கு ஆண்டு முன்பாக ஒரு வேலையை முடித்தது என்பதை இரண்டு முறை படித்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

தண்டனை பெற்றவர்களுக்கு ஆளுநரின் மன்னிப்பு வழியாக அழிப்பு. 2019 டிசம்பர் 31 அன்று ஒரே நாளில் 11,000-க்கும் மேற்பட்டோர் மன்னிக்கப்பட்டார்கள். 30 முதல் 500 கிராம் வரையிலான வழக்கு என்றால் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். ‘நியூ லீஃப் இல்லினாய்’ என்ற சட்ட உதவி அமைப்புகளின் கூட்டமைப்பு இதற்கு இலவசமாக உதவுகிறது. மாவட்ட நீதிமன்றக் கோப்பு தனி என்பதால், காவல் துறையில் அழிந்தது அங்கேயும் அழிந்துவிட்டதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

மாநிலத்தின் கஞ்சா வரியில், நிர்வாகச் செலவு போக, 25 சதவீதம் ‘ஆர்3’ என்ற நிதிக்குப் போகிறது. துணை ஆளுநர் இடம்பெறும் குழு, பாதிக்கப்பட்ட வட்டாரங்களில் இயங்கும் அமைப்புகளுக்கு அதை மானியமாகப் பிரித்துக் கொடுக்கிறது: சட்ட உதவி, சிறையிலிருந்து திரும்பியவர்களுக்கு ஆதரவு, இளைஞர் மேம்பாடு, வன்முறைத் தடுப்பு, தொழில் வளர்ச்சி. தனி நபர் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. மனநலத்துக்கும் போதை சிகிச்சைக்கும் 20 சதவீதம். கைது செய்த காவல் துறைகளுக்கும் 8 சதவீதம் உண்டு என்பது வேறு கதை.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு

ஹெச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கு மாநிலச் சட்டம் கேடயம் ஆகாது. குடியேற்றத்தை முடிவு செய்வது மத்திய அரசின் சட்டம். கஞ்சா தொடர்பான செயல், மாநிலத்தில் சட்டபூர்வமாக இருந்தாலும், குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’க்குத் தடையாகலாம் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் அறிவித்தது. கஞ்சாக் கடையில் வேலை பார்ப்பதும், நேர்காணலில் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்வதும் இதில் அடங்கும். சமத்துவ லைசென்ஸில் பங்குதாரராகச் சேரும்படி யாராவது அழைத்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். மாநிலம் அழித்த தண்டனையைக் குடியேற்ற அதிகாரிகள் பல நேரம் அழிந்ததாகவே எடுத்துக்கொள்வதில்லை. எனவே பழைய வழக்கு உள்ளவர்கள், அழிப்புக்கு மனுச் செய்யும் முன்பே தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். கோப்பு அழிந்த பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.