லாட்டரைட்: செம்புராங்கல்

மண்ணுக்கடியில் ஈரத்தோடு இருக்கும்வரை இந்தக் கல்லை இரும்புக் கருவியால் துண்டு போடலாம். வெளியே எடுத்து வெயிலிலும் காற்றிலும் போட்டால் இறுகிவிடும். புரைகள், அதாவது சிறு துளைகள், நிறைந்த இந்தச் செந்நிறக் கல்லைத்தான் நிலவியலாளர்கள் லாட்டரைட் என்கிறார்கள். உலகமெங்கும் வழங்கும் இப்பெயர் பிறந்தது கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில்.

1800-01இல் மதராசிலிருந்து மைசூர், கனரா, மலபார் வழியே பயணம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளிவந்த தம் பயண நூலில் இக்கல்லுக்கு லாட்டரைட் என்று பெயரிட்டார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். ஆனால் உள்ளூர் மக்கள் இதை ஏற்கெனவே 'இட்டிகக் கல்' என்று அழைத்ததை அவரே குறித்திருக்கிறார். இட்டிகை என்பதும் செங்கல்தான். வடமொழி 'இஷ்டிகா'வோடு உறவுடைய இச்சொல் பழந்தமிழிலும் உண்டு. ஆக, லத்தீன் பெயருக்கு முன்பே அதே பொருளில் இந்த மண்ணில் ஒரு பெயர் இருந்தது. நம் பாடநூல்கள் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

இக்கல்லை உண்டாக்குவது காலநிலை. லடாக் போன்ற குளிர்ந்த வறண்ட நிலத்தில் பாறை பெரும்பாலும் உடைகிறது: விரிசலில் புகுந்த நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து அதைப் பிளக்கிறது; பாறையின் வேதித்தன்மை அவ்வளவாக மாறுவதில்லை. மலபாரில் வெப்பமும் கனமழையும் சேர்ந்து பாறையின் உட்பொருளையே மாற்றுகின்றன. கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவை கரைந்து போகும். சிலிக்காவும் மெல்ல மெல்ல வெளியேறும். கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடும். சிவப்பு நிறம் அந்த இரும்பினுடையது. மழைக்காலமும் வறண்ட காலமும் மாறிமாறி வருவது இரும்பு நகர்ந்து படிந்து கெட்டிப்பட உதவுகிறது. இரும்பும் பெருமளவு நீங்கி அலுமினியம் மிஞ்சினால் அது பாக்சைட். சேர்வராயன் மலை உச்சியிலும் கொல்லி மலையிலும் சார்னோகைட் பாறை சிதைந்து அப்படி ஆகியிருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? பாடநூல்களில் லாட்டரைட் மண்ணுக்குச் 'சரளை மண்' என்று இருக்கிறது. சரளை உதிரிக் கற்களைத்தான் நினைவூட்டும். சுவர் எழுப்பும் கல்லுக்கு அது பொருந்தாது. மலையாளத்தில் இது வெட்டுகல்லு. புதுக்கோட்டைப் பக்கம் மக்கள் நாவில் இருப்பது செம்புராங்கல். எழுத்தில் செம்புரைக்கல் என்றும் வரும். நிறத்தையும் புரையையும் ஒருசேரச் சொல்லும் இதையே நான் எடுத்துக்கொள்வேன். மண்ணையும் செம்புராங்கல் மண் என்றே எழுதலாம்.