வறுமை ஒழிப்புத் திட்டம் பலன் தந்ததா? வார்டு அளவில் மதிப்பிடும் முறை

நகர்ப்புற ஏழைகளுக்கான மத்திய அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் 2013 செப்டம்பரில் தொடங்கியது. பின்னர் தீனதயாள் அந்த்யோதயா யோஜனா என்ற பெயரும் சேர்ந்துகொள்ள, 2024 செப்டம்பர் 30 வரை நடந்தது. சுய உதவிக் குழுக்கள், தொழிற்பயிற்சி, சுயதொழில் கடன், வீடற்றோர் தங்குமிடம், சாலையோர வியாபாரிகளுக்கான ஆதரவு எல்லாம் இதன் கீழ் வந்தவை. திட்டக்காலம் முடிந்தாலும் குழுக்களும் கடன்களும் தங்குமிடங்களும் இருக்கின்றன. குடியிருப்போர் சங்கமோ, சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்போ, வார்டு உறுப்பினரோ கணக்குப் பார்க்க விரும்பினால் இதுதான் நேரம்.

அறிக்கைகளில் வரும் எண்களில் பெரும்பாலானவை என்ன கொடுக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லும்: இத்தனை குழு, இத்தனை சான்றிதழ், இத்தனை கடன். ஒரே பெண் குழு உறுப்பினராகவும் பயிற்சி முடித்தவராகவும் கடன் பெற்றவராகவும் மூன்று இடத்தில் எண்ணப்பட வாய்ப்புண்டு. எனவே முதல் வேலை, இந்தப் பட்டியல்களைப் பெயரும் முகவரியும் வைத்து ஒன்றாக்கி, எத்தனை குடும்பங்கள் என்று பார்ப்பது. அந்தக் குடும்பத்தின் கையில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே அடுத்த கேள்வி.

குழுக்களுக்கான அளவுகோல் வழிகாட்டி நெறிமுறையிலேயே இருக்கிறது. ஒரு குழுவில் 10 முதல் 20 பேர். அதில் குறைந்தது 70 சதவீதம் பேர் நகர்ப்புற ஏழைகள். உறுப்பினர்களுக்குள் மாறி மாறிக் கடனாகச் சுற்றிவரவேண்டிய சுழல் நிதியாகத் தகுதியுள்ள குழுவுக்கு 10,000 ரூபாய், பகுதி அளவிலான கூட்டமைப்புக்கு 50,000 ரூபாய் தரப்பட்டது. குழு உயிரோடு இருக்கிறதா என்பதைத் தீர்மானப் புத்தகமும் உள்கடன் பேரேடும் காட்டிவிடும். கடைசி ஆறு மாதக் கூட்டங்களின் கையெழுத்துகளையும் சேமிப்பு வரவையும் பாருங்கள். எல்லாக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால், தணிக்கைக்காக ஒரே நாளில் எழுதப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். சுழல் நிதி வந்த பிறகு உள்கடன் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்பதும் முக்கியம். தலைவி, செயலாளர் இருவருக்குள்ளேயே சுற்றினால் அது சுழல் நிதி அல்ல.

கடன் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். சுயதொழிலுக்குத் தனிநபருக்கு 2 லட்சம் ரூபாய் வரையும், குழுத் தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும் இத்திட்டத்தில் கடன் தரப்பட்டது. வங்கி வட்டியில் 7 சதவீதத்துக்கு மேற்பட்டதை அரசு மானியமாகத் தரும் என்பது திட்ட விதி, தவணை தவறாமல் கட்டினால் மட்டும். வங்கி 11 சதவீதம் போட்டிருந்து 1 லட்சம் ரூபாய் நிலுவை ஆண்டு முழுதும் இருந்தால், கணக்கில் வரவேண்டிய மானியம் 4,000 ரூபாய். பாஸ்புத்தகத்தில் அந்த வரவு இருக்கிறதா? இல்லையென்றால், தவணை தவறியதா, வங்கி மானியத்தைக் கோரவே இல்லையா, நகராட்சியில் தேங்கியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் பொறுப்பானவர்கள் வெவ்வேறு.

தையல் இயந்திரத்துக்கு வாங்கிய பணத்தில் பழைய கடனை அடைத்துவிட்டார் என்றால், பதிவேடு அதை முறைகேடு என்று எழுதும். இதை நாங்கள் ஏற்பதில்லை. 50,000 ரூபாயை அஞ்சு வட்டிக்கு வாங்கியவர் மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000 ரூபாய் வட்டியாகவே கட்டுகிறார். அதே தொகைக்கு 7 சதவீதத்தில் ஆண்டு வட்டி 3,500 ரூபாய்தான். தொழில் தொடங்காமலேயே அந்தக் குடும்பம் மூச்சு விடுகிறது. தொழிலுக்கான கடன் தொழிலுக்குப் போகவில்லை என்று எழுதுங்கள், வட்டிச் சுமை குறைந்ததையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வீடற்றோர் தங்குமிடத்தைப் பகலில் பார்த்துப் பயனில்லை. இரவு 10 மணிக்கு மேல் போய்த் தலைகளை எண்ண வேண்டும். ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்பது நெறிமுறை. 5 லட்சம் பேர் வாழும் நகரத்தில் 500 பேருக்கு இடம் இருக்க வேண்டும். படுக்கைகள் காலியாகவும், பேருந்து நிலைய நடைமேடை நிறைந்தும் இருந்தால், குறை பெரும்பாலும் இடத்தேர்வில்தான். வேலை கிடைக்கும் சந்தையை விட்டு விலகிய இடம், குடும்பத்தோடு அனுமதியின்மை, மூட்டையைப் பூட்டிவைக்க வசதியின்மை ஆகியவற்றை நடைமேடையில் படுப்பவர்களிடமே கேட்டறியலாம்.

யாரைக் கேட்பது என்பதில்தான் பல மதிப்பீடுகள் சறுக்குகின்றன. குழுக்களை ஒருங்கிணைக்கும் திட்டப் பணியாளரான சமுதாய அமைப்பாளர் காட்டும் வீடுகளுக்குப் போகாதீர்கள். 200 குடும்பப் பட்டியலில் 40 வேண்டுமென்றால், முதல் ஐந்து பெயருக்குள் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு ஐந்தாவது பெயரையும் எடுங்கள். வீடு காலி செய்து போனவர்களை நீக்கவே கூடாது. வாடகை கட்ட முடியாமல் போனவர்கள் அவர்களுக்குள் இருக்கலாம். அவர்களை விட்டுவிட்டால் முடிவு இனிப்பாகத்தான் வரும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் கிடைப்பார்கள். குழுத் தலைவியும் அதிகாரியும் பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் பதிலை நம்ப முடியாது.

“மாத வருமானம் எவ்வளவு?” என்ற கேள்விக்குச் சரியான விடை வராது, தினக்கூலியில் அப்படி ஒரு தொகையே கிடையாது. போன வாரம் எத்தனை நாள் வேலை, அரிசி, வாடகை, தண்ணீர், மருந்துக்கு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு கடன், அடகில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் எடுத்த பழைய கணக்கைப் பண்டிகை மாதக் கணக்கோடு ஒப்பிடாதீர்கள்.

ஒப்பீடு இல்லாத உயர்வுக்குப் பொருள் இல்லை. மூன்றாண்டுக்கு முன் ஒரு குடும்பம் மாதம் 8,000 ரூபாய் ஈட்டியது, இப்போது 10,000 என்று வைத்துக்கொள்வோம். இடையில் விலைவாசி 20 சதவீதம் ஏறியிருந்தால், பழைய நிலையில் இருக்கவே 9,600 வேண்டும். உண்மையான உயர்வு இன்றைய மதிப்பில் 400 ரூபாய். திட்டத்தில் சேராத, அதே நிலையில் இருந்த பக்கத்துத் தெருக் குடும்பங்களும் 10,000 ஈட்டினால், அந்த 400-ஐயும் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஆவணங்களுக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 போதும். மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று பிரிவு 4 சொல்கிறது. வெளியிடாவிட்டால் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் மனு எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. “எல்லா விவரமும்” என்று எழுதினால் எதுவும் வராது. வார்டு எண், நிதியாண்டு, சுழல் நிதி பெற்ற குழுக்களின் பட்டியல், வங்கிவாரியாகக் கோரிய மற்றும் வழங்கிய வட்டி மானியம், தங்குமிடத்தின் தினசரி வருகைப் பதிவேடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தனிநபர் வங்கிக் கணக்கைக் கேட்டால் மறுப்பார்கள், மொத்தத் தொகையைக் கேளுங்கள். பதிவேடுகளை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.