சுளுக்கு என்று விட்டுவிடுகிற மணிக்கட்டு: டர்ட் பைக் ஓட்டும் தம்பிகளுக்கு

கோடை பிறந்துவிட்டால் பாலாற்று மணலில் பட்டன் டயர்த் (மணலைப் பற்றிக்கொள்ள முண்டு முண்டாக இருக்கும் டயர்) தடங்கள் பெருகிவிடும். விடியும் முன்பே காட்பாடி, மேல்விஷாரம், ஆற்காடு என்று பல பக்கங்களிலிருந்தும் பையன்கள் டர்ட் பைக்கை, அதாவது மண்ணிலும் மேடு பள்ளத்திலும் ஓட்டும் வண்டியை, கரையிலிருந்து இறக்குவார்கள். பின்சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டால் எனக்கும் கை துறுதுறுக்கும். நானும் ஓட்டுகிறவன்தான். மேடு பள்ளத்தில் நின்றபடி வண்டியை விட்டு, அது கீழே தானாக வழி தேடிக்கொள்வதை உணரும் இன்பத்துக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன். அதனால் இந்த விளையாட்டே வேண்டாம் என்று யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை.

தொழிலில் நான் இயன்முறை மருத்துவன். விழுந்தவர்களைக் கட்டுப் பிரித்த பிறகு பார்க்கிறவன். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய முறிவு ஆளைத் தானே மருத்துவமனையில் சேர்த்துவிடும். தொடை எலும்பு உடைந்தவனை நண்பர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அறுவை நடக்கும், தகடு வைப்பார்கள், சில மாதங்களில் நடந்துவிடுவான். சின்ன வலிக்கு அப்படி யாரும் ஓடுவதில்லை. எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, இன்னொரு சுற்றும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். ஓட்டுவதையே நிறுத்த வேண்டிய நிலைக்கு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்டவர்கள்தான்.

மணிக்கட்டை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், கை விறைப்பாக இருக்கிறது, பயிற்சி சொல்லிக்கொடுங்கள் என்று வந்தார். எட்டு மாதத்துக்கு முன் மணலில் முன்பிரேக்கைப் பிடித்ததில் வண்டி மடிந்து, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறார். "அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தோம் சார், எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். சுளுக்குதான் என்று நாட்டுக் கட்டு போட்டுக்கொண்டேன்" என்றார். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னேன். அப்படித் தூக்கும்போது விரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண்கள் கயிறுபோலப் புடைத்து நடுவில் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் என் விரல் நுனியை வைத்து லேசாக அழுத்தியதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பயிற்சி எதுவும் சொல்லாமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ.யில் ஸ்கேபாய்டு என்ற சிறிய மணிக்கட்டு எலும்பு நடுவில் உடைந்து, இரு துண்டும் சேராமலே இருந்தது. பிறகு இடுப்பு எலும்பிலிருந்து துணுக்கு எடுத்து ஒட்டவைத்து, ஸ்குரூ போட வேண்டியதாயிற்று. அவர் ஊசிக்கு நேராகத் தோலைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய கை அது.

ஸ்கேபாய்டு முந்திரிப் பருப்பு அளவுள்ள எலும்பு. உள்ளங்கை ஊன்றி விழும்போது விசையின் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் முன்கைக்கு ஏறுகிறது. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் உடைந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைந்துவிடும். சேர நாளாகும், சில நேரம் சேராமலே அந்தத் துண்டு செத்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. விரிசல் மெலிதாக இருந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். பத்து நாள், பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியும், அல்லது எம்.ஆர்.ஐ.யில் முதலிலேயே தெரியும். எனவே முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் அந்தக் குழியில் வலி இருந்தால், உடைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டுவிட்டு மறுபடம் எடுப்பதுதான் முறை. விழுந்த அன்று மாலை நீங்களே அந்தக் குழியை அழுத்திப் பாருங்கள். மற்றக் கையையும் அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். கை வலிக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

அடிபட்ட கையை இழுத்துச் சொடக்கு எடுப்பதையும், வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். வீங்கும் கைக்கு இடம் கொடுக்காத கட்டு உள்ளே இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விரல் மரத்துப் போனாலோ, வெளுத்தாலோ, விரலை நீட்டிவிடும்போது தாங்க முடியாமல் வலித்தாலோ, இரவு எத்தனை மணியானாலும் கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மணலில் ஏன் இத்தனை பேர் கை ஊன்றி விழுகிறார்கள்? தார்ச்சாலைப் பழக்கத்தை ஆற்றுக்குள் கொண்டுபோவதால். சாலையில் பயம் வந்தால் ஆக்ஸிலரேட்டரை விடுவோம், முன்பிரேக்கைப் பிடிப்போம். மணலில் இந்த இரண்டுமே முன்சக்கரத்தின் மேல் எடையை ஏற்றி அதைப் புதைக்கும். எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்ஸிலரேட்டரை விடாமல் சீராகக் கொடுத்து, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மண்ணைப் பார்க்காமல் தூரத்தில் பார்க்க வேண்டும். வண்டியைப் பிடிக்க வேண்டியது முழங்கால்களும் கணுக்கால்களும். கை ஹேண்டில்பாரைத் தளர்வாக ஏந்தியிருந்தால் போதும். கையால் இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்குச் சிறிது நேரத்திலேயே முன்கைத் தசை கல்லாகிவிடும்; விரல் கிளட்சை இழுக்க மறுக்கும். அந்த நிலையில் பள்ளம் ஒன்று வந்தால் உடல் பின்னால் சாயும், கை தன்னையறியாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடும். நான் பார்த்த மோசமான விழுகைகள் பலவற்றின் தொடக்கம் இதுதான்.

அடுத்தது முதுகு. ஏரிக்கரை, கைவிட்ட கல்குவாரி, மணல் அள்ளிய பள்ளத்தின் விளிம்பு என்று கிடைத்த மேட்டிலெல்லாம் வண்டியைத் தாவவிடுகிறார்கள். மண்மேடுகளைத் தாவிக் கடக்கும் பந்தயமான மோட்டோகிராஸ் களத்தில், டேபிள் டாப் என்ற மேட்டுக்கு ஏறும் சரிவு போலவே இறங்கும் சரிவும் கட்டியிருப்பார்கள். வண்டி விழும் கோணமும் தரையின் கோணமும் ஒத்துப்போவதால் மோதல் கரைந்துவிடுகிறது. ஏரிக்கரைக்கு அப்பால் இருப்பது தட்டைத் தரை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தட்டைத் தரையில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டோகிராஸுக்கென்றே செய்த வண்டியின் சஸ்பென்ஷன் ஏறக்குறைய 30 செ.மீ. அமுங்கும். பட்டன் டயர் மட்டும் மாற்றிய சாதாரண 150 சி.சி. வண்டியின் முன்ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்) 12 அல்லது 13 செ.மீ.தான் அமுங்கும். தோராயமாகக் கணக்கிட்டால் முதல் வண்டியில் எடையைப் போல் நான்கு மடங்கு விசை, இரண்டாவதில் ஒன்பது மடங்கு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டிகள் முன்னால் 190 மி.மீ. வரை அமுங்கும், பாதையற்ற இடத்தில் ஓட்டக் கற்க நல்ல வண்டி. ஆனால் அதன் எடை 150 கிலோவுக்கு மேல். 250 சி.சி. மோட்டோகிராஸ் வண்டி 110 கிலோவுக்குள் அடங்கிவிடும். எக்ஸ்பல்ஸை வைத்துக்கொண்டு போட்டி வண்டி தாண்டும் தூரத்தைத் தாண்ட நினைக்கக் கூடாது.

நின்றபடி இறங்கினால் மிஞ்சும் விசையை முழங்காலும் இடுப்பும் மடிந்து வாங்கிக்கொள்ளும். உட்கார்ந்தபடி இறங்கினால் முதுகெலும்புக்கு வேறு வழியில்லை. மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேரும் இடத்தில் முள்ளெலும்பு நசுங்குகிறது. இதையும் சிலர் முதுகுப் பிடிப்பு என்று ஒரு மாதம் தைலம் தேய்த்துவிட்டு வருகிறார்கள். விழுந்த பிறகு முதுகின் நடுக்கோட்டில் தொட்டால் வலிக்கிறது, காலில் மதமதப்பு இருக்கிறது, சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறது என்றால் அது பிடிப்பாக இருக்க முடியாது.

தண்டுவட முறிவு என்ன செய்யும், அதற்குப் பிறகும் என்ன முடியும் என்பதை எங்கள் வேலூர் நன்றாக அறியும். மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து இரு கால்களும் செயலிழந்த பின்பும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பாகாயத்தில் 1966-இல் உருவான மறுவாழ்வு மையம் அவருடைய உழைப்பு. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் குரு ஸ்தானத்தில் இருப்பவர். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்கும் ஓர் இளைஞனின் பக்கத்தில் நின்றிருந்தால், முதுகுக் கவசத்தின் விலையைப் பற்றி யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

விழுந்தவன் காலை அசைக்க முடியவில்லை என்றாலோ, கழுத்து வலிக்கிறது என்றாலோ, தூக்கி நிறுத்தாதீர்கள், இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்து பைக்கில் கொண்டுபோகாதீர்கள். ஹெல்மெட்டை இழுக்காதீர்கள், மூச்சு தடைபட்டால் மட்டும், ஒருவர் கீழிருந்து தாடையையும் பின்கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெல்லக் கழற்ற வேண்டும். 108 வரும்வரை தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருப்பதே பெரிய உதவி.

இங்கேதான் களத்துக்கும் ஆற்றுக்கும் உள்ள தூரம் தெரியும். பாலைவனத்தில் பல நாள் நடக்கும் கடும் பந்தயமான டாக்கர் ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ், 2015-இல். அவரே 2021-இல் சவூதி பாலைவனத்தில் விழுந்து தலையில் அடிபட்டபோது, ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று, மருந்தால் ஆழ்மயக்கத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதே பந்தயத்தில் 2024-இல் ராலி 2 என்ற இரண்டாம் நிலைப் பிரிவை வென்ற கேரளத்தின் ஹரித் நோவாவும் அப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு நடுவில்தான் ஓட்டுகிறார். பாலாற்றின் நடுவில் நீங்கள் தனியாக விழுந்தால் ஆடு மேய்க்கிறவர் பார்த்தால்தான் உண்டு. மூன்று பேராவது போங்கள்: ஒருவர் விழுந்தவரோடு இருக்க, ஒருவர் ஆம்புலன்ஸை வழிமறித்து அழைத்துவர. எந்தக் கரை வழியாக வண்டி இறங்கும் என்பதை ஓட்டத் தொடங்கும் முன்பே பார்த்து வையுங்கள். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, சந்தோஷ் கோலார் பக்கம் அமைத்த பிக் ராக் டர்ட்பார்க் வேலூரிலிருந்து எட்டும் தூரம்தான். ஜவ்வாது மலையிலும் அமிர்தியிலும் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவது குற்றம், காட்டுக்கும் கேடு.

தலையில் அடிபட்டு ஒரு நொடி கண் இருட்டினாலும், என்ன நடந்தது என்று நினைவில்லை என்றாலும், அன்றைக்கு வண்டியைத் தொடக் கூடாது. மூளை அந்த அதிர்விலிருந்து மீளும் முன் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, சொன்னதையே திரும்பச் சொல்வது, தூக்கக் கலக்கம் எதுவாக இருந்தாலும் உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும். நண்பனுக்குக் கொடுப்பதும் தவறு.

"இந்த வெயிலில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு எப்படி ஓட்டுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலூர்க் கத்திரியில் 40 டிகிரிக்கு மேல் போகிறது. அதற்கு விடை நேரத்தை மாற்றுவது. விடியலில் இறங்கி எட்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள். தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் எடுத்துப் போங்கள். கவசங்களில் முதலில் வாங்க வேண்டியது ஹெல்மெட், அதற்கடுத்து முழங்கால்வரை வரும் மோட்டோகிராஸ் பூட்ஸ். சாதாரண ஷூவோடு திருப்பத்தில் காலை ஊன்றும்போது பாதம் மணலில் மாட்டிக்கொள்ள, வண்டி மட்டும் திரும்பும். முட்டிக்குள் 'டப்' என்ற சத்தத்தோடு சவ்வு கிழியும். சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டால் உள்ளே இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்து நடக்க முடிவதால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். கிழிந்த சவ்வோடு ஓட்ட ஓட்ட, முட்டி அடிக்கடி நழுவி, உள்ளிருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பும் கிழியத் தொடங்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கியர் வண்டியைச் சாலையில் ஓட்டினாலே, 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் விதிக்கலாம். சாதாரண வாகனக் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பணம் தராது.

எல்லாரும் கடைசியில் கேட்பது, மறுபடி எப்போது ஓட்டலாம் என்பதுதான். ஸ்கேபாய்டு உடைந்து மாவுக்கட்டு போட்டவர்களுக்கு எலும்பு சேரவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். சேர்ந்துவிட்டதாக மருத்துவர் படம் பார்த்துச் சொன்ன பிறகு என் சோதனை தொடங்கும். அடிபட்ட கையின் பிடிப்பு வலிமை மற்றக் கைக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஈரத் துண்டை வலியில்லாமல் முறுக்கிப் பிழிய வேண்டும். தரையில் உள்ளங்கை ஊன்றித் தண்டால் எடுக்க வேண்டும். முட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்கள், அடிபட்ட காலால் மட்டும் குதித்து, முட்டி உள்பக்கம் சாயாமல் தரையில் நிற்க வேண்டும். இதில் தேறியவர்கள் முதலில் கெட்டி மண்ணில், உட்காராமல், மெதுவாகச் சுற்றலாம். அன்றிரவு வீக்கமோ வலியோ இல்லை என்றால் அடுத்த வாரம் மணலுக்கு இறங்கலாம்.