குண்டு முதலில், சத்தம் அப்புறம்: ஒரு டாங்கி பேயாவது எப்படி?

கரேன் ஷாக்னசாரவ் இயக்கி 2012-இல் வெளியான ரஷ்யப் படம் ‘வெள்ளைப் புலி’. இரண்டாம் உலகப்போரின் கிழக்குப் போர்முனையில் எங்கிருந்தோ ஒரு வெள்ளை நிற ஜெர்மன் டைகர் டாங்கி முளைக்கும். சோவியத் டாங்கிகளை வரிசையாகக் கொளுத்திவிட்டுச் சதுப்புக்குள் போய் மறைந்துவிடும். அதற்குள் ஆளே இல்லை என்று ஜெர்மானியர்களே நடுங்குவார்கள். அதை வேட்டையாடப் போகிறவன் நைதியோனவ். உடம்பில் தொண்ணூறு சதவீதம் வெந்தும் தழும்பில்லாமல் பிழைத்து, தன் பெயரைக்கூட மறந்துபோன டாங்கி ஓட்டுநர். டாங்கிகள் தன்னோடு பேசுவதாக நம்புகிறவன். கடைசியில் படம், போர் மனிதனை விட்டு என்றைக்காவது போகுமா என்ற கேள்வியில் போய் நிற்கும்.

தத்துவத்தை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். படம் அமானுஷ்யம் என்று காட்டுவதில் பாதியை, டி-34 என்ற சோவியத் டாங்கிக்குள் உட்கார்ந்திருந்தவன் வெறும் இயற்பியலாகவே அனுபவித்திருப்பான்.

முதலில் சத்தம். டைகரின் 88 மில்லிமீட்டர் பீரங்கியிலிருந்து கவசம் துளைக்கும் குண்டு நொடிக்கு 773 மீட்டர் வேகத்தில் கிளம்பும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று டைகர் சுட்டால், வழியில் காற்று கொஞ்சம் வேகத்தைப் பிடித்து இழுத்தாலும், குண்டு ஒன்றரை நொடிக்குள் வந்து பாய்ந்துவிடும். பீரங்கி முழங்கும் ஓசை வந்து சேர ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். பக்கத்து டாங்கி பற்றி எரிய ஆரம்பித்த பிறகுதான் சுட்ட சத்தமே கேட்கும். அதுவும் வெளியே நிற்பவனுக்கு. டீசல் எஞ்சின் அலறும் இரும்புப் பெட்டிக்குள் இருப்பவனுக்கு அந்தச் சத்தமும் கிடையாது.

வெளியே நிற்பவனையும் காது ஏமாற்றும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் குண்டு தன் மூக்கிலிருந்து ஓர் அதிர்வலையைக் கூம்புபோல விரித்துக்கொண்டே வரும். அது தாண்டும்போது சவுக்கடி மாதிரி ‘படீர்’ என்று கேட்கும். அந்த ஒலி பீரங்கி இருக்கும் இடத்திலிருந்து வருவதில்லை. குண்டு பறக்கும் பாதையிலிருந்தே கிளம்புகிறது. பழக்கமில்லாத காது அந்தப் பக்கம் திரும்பி எதிரியைத் தேடும். பழகிய வீரர்கள் படீரை விட்டுவிட்டு, பின்னால் வரும் ‘தொம்’ எந்தத் திசை என்று கவனிப்பார்கள். அதற்கு நிதானம் வேண்டும். நண்பன் எரிந்துகொண்டிருக்கும்போது அது எத்தனை பேருக்கு வரும்?

சரி, கண்ணாவது உதவுமா? மூன்று மீட்டர் உயர டைகர், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் முழு நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். மரவரிசைக்குப் பின்னால் அசையாமல் நின்றால் அதுவும் தெரியாது. தொடக்ககால டி-34-களில், உள்ளிருந்து வெளியே பார்க்க உதவும் பெரிஸ்கோப்பில் கண்ணாடிக்குப் பதிலாக மெருகேற்றிய எஃகுத் தகடு இருந்தது. வெளியுலகம் மங்கலாக அலைந்துதான் தெரியும். 76 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட டி-34-இல் தளபதியே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். அவர் கண் குறிக்கருவியில் ஒட்டிக்கொண்ட நேரத்தில் சுற்றுமுற்றும் பார்க்க ஆளில்லை.

வெள்ளை நிறத்திலும் மர்மம் ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் டாங்கிகளுக்கு வெள்ளையடிப்பது இரண்டு தரப்புக்கும் வழக்கம். நம் கண் ஓரங்களையும் அசைவையும் வைத்துத்தான் பொருளைப் பிரித்தறியும்; பனியில் வெள்ளை டாங்கிக்கு அந்த ஓரம் கரைந்துவிடும். படத்தில் பனியே இல்லாத காட்டுக்குள் அந்த வெள்ளை டாங்கி உலாவுவதுதான் வேடிக்கை. நிஜ டைகர் குழு வசந்தம் பிறந்ததும் வாளியும் தூரிகையுமாக அதைக் கழுவித் தள்ளியிருக்கும்.

அடுத்து, குண்டு ஏன் இவ்வளவு சுலபமாகத் துளைத்தது? டி-34-இன் முன்தகடு 45 மில்லிமீட்டர் தடிமன். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்து வைத்தது. நேராக வரும் குண்டு அந்தச் சாய்வில் 90 மில்லிமீட்டர் இரும்பைக் கடக்க வேண்டியிருக்கும். சிறிய குண்டுகள் வழுக்கியும் போய்விடும். 1941-இல் ஜெர்மானியர்களைத் திகைக்க வைத்த ஏற்பாடு இது. ஆனால் குண்டின் விட்டம் தகட்டின் தடிமனைவிடப் பெரிதாக இருந்தால் கணக்கு மாறும். 45 மில்லிமீட்டர் தகட்டின்மேல் 88 மில்லிமீட்டர் குண்டு மோதும்போது, அது வழுக்கித் திரும்புவதற்குள் தகடே உடைந்து உள்ளே போய்விடும். ஆற்றலையும் பாருங்கள்: 10.2 கிலோ டைகர் குண்டு சுமார் 30 லட்சம் ஜூல். பழைய டி-34-இன் 6.3 கிலோ குண்டு சுமார் 14 லட்சம் ஜூல். டைகரின் முன்தகடோ 100 மில்லிமீட்டர் தடிமன்.

உள்ளே வந்த சூடான சிதறல்கள், பக்கச் சுவர்களை ஒட்டி வைத்த டீசல் தொட்டிகளையும் குண்டு அடுக்கையும் தொடும். டீசல் பெட்ரோல்போலச் சட்டென்று பற்றாது என்பது உண்மைதான். துகள்களாகச் சிதறிப் புகைபோலப் பரவிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். தொண்ணூறு சதவீதத் தீக்காயம் என்றால் உடலின் நீரைக் காக்கவும் கிருமியைத் தடுக்கவும் தோல் மிச்சமில்லை. 1940-களின் மருத்துவத்தில் அதிலிருந்து தழும்பில்லாமல் எழுவது, என்னைக் கேட்டால், ஆளில்லாத டாங்கியைவிடப் பெரிய அமானுஷ்யம்.

படத்தில் இயற்பியல் அடியோடு கைவிடும் இடம் சதுப்புதான். டைகரின் எடை 57 டன். சங்கிலிப் பட்டைகள் அகலமாக இருந்தும், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் விழும். டி-34-க்கு அதைவிடக் குறைவு. ஒன்றன்மேல் ஒன்று படிந்த சக்கரங்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொண்டு இரவில் உறைந்துவிட்டால் வண்டி நகராது. 1942 செப்டம்பரில் லெனின்கிராடு அருகே டைகர்கள் முதன்முதலாகப் போருக்கு வந்தபோது அந்த ஈர நிலத்தில் பழுதாகிச் சிக்கின. ஒன்றை மீட்க முடியாமல் ஜெர்மானியர்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இருந்தும் பயம் பரவியது. 1944-இல் பிரான்சின் நார்மண்டியில் டைகர் வைத்திருந்தவை மூன்று கனரகப் படைப்பிரிவுகள் மட்டுமே. நேசநாட்டு வீரர்களோ எங்கு பார்த்தாலும் டைகர் என்று தகவல் அனுப்பினார்கள். பீரங்கி பொருத்திய சுழல் கோபுரத்தைச் சுற்றித் தகடு மாட்டிய நான்காம் வகை பான்சர் என்ற வேறொரு ஜெர்மன் டாங்கி தூரத்திலிருந்து அதே சாயலில் இருக்கும். அரைகுறையாகத் தெரிந்த உருவத்தை மூளை தான் மிகவும் அஞ்சுவதைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும்.

இந்தப் பேயைச் சோவியத் ராணுவமான செம்படை பிடித்ததும் அதே லெனின்கிராடு சதுப்பில்தான். 1943 ஜனவரியில் கைவிடப்பட்ட ஒரு டைகர் கிட்டத்தட்ட முழுசாக அவர்கள் கையில் சிக்கியது. ஏப்ரலில் மாஸ்கோவுக்கு மேற்கே குபின்கா சோதனைத் திடலில் நிறுத்தி, இருந்த பீரங்கிகளால் எல்லாம் சுட்டுப் பார்த்தார்கள். டி-34-இன் 76 மில்லிமீட்டர் பீரங்கியால் 200 மீட்டரிலிருந்தும் பக்கவாட்டைத் துளைக்க முடியவில்லை. விமானங்களைச் சுட வைத்திருந்த 85 மில்லிமீட்டர் பீரங்கி ஆயிரம் மீட்டரிலிருந்து முன்பக்கத்தையே துளைத்தது. அதே விட்டத்தில் டாங்கிக்கென்று ஒரு பீரங்கி செய்து, கோபுரத்தைப் பெரிதாக்கி, குறிபார்க்கத் தனி ஆளும் தளபதிக்குச் சுற்றிலும் பார்க்கும் மாடமும் கொடுத்தார்கள். 1944 தொடக்கத்தில் டி-34-85 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நைதியோனவ் வெள்ளைப் புலியைத் தேடிப் போவது அந்த வண்டியில்தான்.