எந்த பாரிஷ் சோறு போடும்? விக்டோரியா கால இங்கிலாந்தின் ஏழை நிவாரணச் சட்டம்

விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தின் கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் வேலை இழந்தாலோ, உடம்பு முடியாமல் படுத்தாலோ, சட்டப்படி உதவி கேட்க ஓர் இடம் இருந்தது. அதுதான் பாரிஷ். ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊரும் வயல்களும் ஒரு பாரிஷ். வரி வசூலுக்கும் அதுவே எல்லை. நிலத்தையும் வீட்டையும் அனுபவிப்பவர்களிடம் ஏழை வரி வாங்கி, ஊர் ஏழைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1601-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

சரி, எந்த பாரிஷ் கொடுக்க வேண்டும்? இப்போது குடியிருக்கும் பாரிஷ் அல்ல, உங்களுக்கு ஊருரிமை, அதாவது அந்த ஊரிடம் நிவாரணம் கேட்கும் சட்ட உரிமை, உள்ள பாரிஷ். பெரும்பாலும் அப்பாவின் ஊருரிமைதான் பிள்ளைக்கு. ஓர் ஊரில் தொழில் பழகினாலும், வருடத்துக்கு 10 பவுண்டு வாடகையில் வீடோ நிலமோ எடுத்தாலும் புதிதாக உரிமை கிடைக்கும். கூலிக்காரருக்கு 10 பவுண்டு வாடகை எட்டாத உயரம். முன்பெல்லாம் திருமணமாகாத ஒருவர் ஒரே முதலாளியிடம் முழு வருடம் வேலை பார்த்தாலும் உரிமை வந்துவிடும். அதைத் தடுக்கவே சில விவசாயிகள் ஒரு வருடத்துக்குச் சில நாள் குறைவாக ஆள் எடுத்தார்கள். 1834-ல் அந்த வழியையே அடைத்துவிட்டார்கள்.

வெளியூர்க்காரர் உதவி கேட்டால் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் விசாரணை. எங்கே பிறந்தாய், அப்பா எந்த ஊர், யாரிடம் எவ்வளவு காலம் வேலை பார்த்தாய் என்று வாழ்க்கை முழுவதையும் கேட்டு எழுதி, கையெழுத்தோ கீறலோ வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் குடும்பத்தோடு சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு போடுவார்கள். இதில் மிகவும் அடிபட்டவர்கள் விதவைகள். கல்யாணமானதும் மனைவிக்குக் கணவரின் ஊருரிமைதான். அவர் இறந்தபின், தான் கண்ணால்கூடப் பார்த்திராத ஊருக்குப் பிள்ளைகளோடு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பசிக்கிறதா என்பதைவிட யார் தலையில் செலவைக் கட்டுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

1834-ல் வந்த புதிய சட்டம் பல பாரிஷ்களைச் சேர்த்து ஒரு யூனியன் ஆக்கியது. அதற்கு வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கும் காப்பாளர் குழுவும் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் ஒர்க்ஹவுஸ் என்ற விடுதியும் இருந்தன. உடம்பில் தெம்புள்ளவர் உதவி கேட்டால் குடும்பத்தோடு உள்ளே வர வேண்டும். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் தனித்தனிப் பகுதியில். வெளியே உழைக்கும் மிக ஏழ்மையான கூலிக்காரரைவிட உள்ளே வாழ்வு மோசமாக இருக்க வேண்டும் என்பதே கொள்கை. ஆண்டோவர் என்ற ஊரின் ஒர்க்ஹவுஸில் உரத்துக்காக எலும்பு இடிக்க வைக்கப்பட்டவர்கள், பசி தாளாமல் அதில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தின்றது 1845-ல் வெளியே வந்தது. 1847-ல் யூனியன்களை மேற்பார்வையிட்ட அரசு ஆணையமே கலைக்கப்பட்டது. ஆனால் கிராமங்களில் முதியோர், நோயாளிகள், விதவைகள் பலருக்கும் வீட்டிலேயே வாரத்துக்குச் சில ஷில்லிங்கும் ரொட்டியும் கிடைத்துவந்தன. அதைத் தீர்மானிக்கும் காப்பாளர்களில் பலர் அதே ஊர்ப் பக்கத்து விவசாயிகள், அதாவது கூலி கொடுப்பவர்களே.

யூனியன் வந்தபின்பும் ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளுக்கான செலவைத் தானே ஏற்க வேண்டியிருந்தது. இதுதான் பெரிய கேட்டை உண்டாக்கியது. மொத்த நிலமும் ஓரிருவர் கையில் இருந்த பாரிஷ்களில், கூலிக்காரர் குடியேறினால் வரி ஏறும் என்று குடிசை கட்ட விடவில்லை; இருந்ததையும் இடித்தார்கள். உழைப்பு மட்டும் வேண்டும், உழைப்பவர் வேண்டாம். அவர்கள் பக்கத்து ஊரில் நெருக்கியடித்த வீடுகளில் தங்கி, தினமும் மைல் கணக்கில் நடந்து வேலைக்கு வந்தார்கள். எலும்பு இடித்த கதையைப் போல இது பரபரப்பானதல்ல. ஆனால் எத்தனையோ பேரின் ஆயுளைத் தின்றது இதுதான் என்பது என் எண்ணம்.

மாற்றம் மெதுவாக வந்தது. 1846-ல், ஒரு பாரிஷில் 5 வருடம் குடியிருந்தவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்றார்கள். கணவர் இறந்து 12 மாதம் வரை விதவையையும் அனுப்பக்கூடாது. 1861-ல் அந்த 5 வருடம் 3 ஆனது. 1865-ல் செலவை யூனியன் முழுவதற்கும் பொதுவாக்கி, ஒரு வருடம் குடியிருந்தால் போதும் என்றார்கள். குடிசையை இடித்து வரியை மிச்சம்பிடிக்கும் லாபம் அதோடு போயிற்று.

உதவி வாங்கியவருக்கு ஓட்டுரிமை இல்லை. வைத்தியம் மட்டும் பெற்றவர்களுக்கு 1885-ல் விலக்கு கிடைத்தது.

முதியோருக்குப் பெரிய விடிவு 1909 ஜனவரி 1-ல் வந்தது. எழுபது வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம். பாரிஷ் எது என்று கேட்காமல் தபால் ஆபீஸில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 1908 தொடக்கத்திலிருந்து ஏழை நிவாரணம் வாங்கியவர்களுக்கு முதலில் கிடையாது. மிகவும் தேவைப்பட்ட அந்த முதியவர்கள் 1911 வரை காத்திருந்தார்கள்.